ஃப்ரெஷருக்கு 2 வருஷ அனுபவம் வேணுமாம்! ஐடி வேலை விளம்பரங்கள் ஏன் இப்படி இருக்கு? நம்பி ஒதுங்குறது யார்?

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்கு ரெண்டு ஏக்கரில் மல்லாட்டை, கொஞ்சம் நெல். வீட்டில் முதல் பட்டதாரியா ஒரு பொண்ணு திருவண்ணாமலையில் பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சிருக்குன்னு வச்சுக்கோங்க. கடைசி செமஸ்டர் முடிஞ்ச கையோட மொபைலில் வேலை தேடுது. கண்ணில் படுற விளம்பரம் இப்படித்தான் இருக்கும்:

"ஜூனியர் டெவலப்பர் தேவை. ஃப்ரெஷர்ஸ் விண்ணப்பிக்கலாம். குறைந்தபட்சம் 2 ஆண்டு அனுபவம். ஜாவா, பைத்தான், ரியாக்ட், ஆங்குலர், ஏடபிள்யூஎஸ், டாக்கர், கூபர்நெட்டிஸ் தெரிந்திருக்க வேண்டும். 10ஆம் வகுப்பு, 12ஆம் வகுப்பு, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம். அரியர் கூடாது. படிப்பில் இடைவெளி கூடாது. உடனே சேர வேண்டும்."

இது எந்த ஒரு கம்பெனியோட விளம்பரமும் இல்லை. ஆனா வேலை தேடுற ஆப் எதைத் திறந்தாலும் இதே சாயலில் பத்து விளம்பரமாவது வரும். ஃப்ரெஷருக்கு எங்கிருந்து 2 வருஷ அனுபவம் வரும்? அதை யாரும் கேட்கிறதில்லை. அந்தப் பொண்ணு மட்டும் "நமக்குத் தகுதி இல்லை போல"ன்னு ஸ்க்ரீனை மூடிடும்.

உண்மையிலேயே தகுதி இல்லையா? இல்ல, விளம்பரமே தப்பா? விரிவா பார்க்கலாம் வாங்க.

உருவாக்கினவருக்கே தகுதி இல்லை!

2020 ஜூலையில் நடந்த ஒரு விஷயம் உலகம் முழுக்க ஐடி ஊழியர்கள் மத்தியில் பேசப்பட்டது. 'ஃபாஸ்ட்ஏபிஐ'ன்னு ஒரு மென்பொருள் கருவி. பைத்தான் மொழியில் இணையச் சேவைகள் எழுதப் பயன்படுறது. இதை உருவாக்கியவர் கொலம்பியாவைச் சேர்ந்த செபஸ்டியன் ராமிரெஸ். அவர் கண்ணில் ஒரு வேலை விளம்பரம் பட்டது. ஃபாஸ்ட்ஏபிஐயில் 4 வருஷத்துக்கு மேல் அனுபவம் வேணும்னு அதில் கேட்டிருந்தாங்க.

அவர் அந்தக் கருவியை உருவாக்கியே ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. 'இந்த வேலைக்கு என்னாலேயே விண்ணப்பிக்க முடியாது'ன்னு ட்விட்டரில் போட்டார். வருஷக் கணக்கும் திறமையும் ஒண்ணுன்னு நினைக்கிறதை மறுபரிசீலனை செய்யணும்னும் அதிலேயே சொன்னார்.

அதே மாசம் இன்னொரு விளம்பரமும் செய்தியில் வந்தது. 'கூபர்நெட்டிஸ்' தொழில்நுட்பத்தில் குறைந்தது 12 வருஷ அனுபவம் கேட்டிருந்தது ஐபிஎம். கூபர்நெட்டிஸை கூகுள் வெளியிட்டதே 2014 ஜூனில். 2020இல் அதுக்கு வயசு 6. அதாவது, உலகத்தில் ஒருத்தர்கிட்டகூட இருக்க முடியாத தகுதி.

நீங்களே சரிபார்த்துக்க ஒரு சின்ன பட்டியல்:

• ரியாக்ட் பொதுவெளிக்கு வந்தது - 2013 மே
• ஸ்விஃப்ட் மொழி அறிமுகம் - 2014 ஜூன்
• கூபர்நெட்டிஸ் - 2014 ஜூன்
• ஃபாஸ்ட்ஏபிஐ முதல் வெளியீடு - 2018 டிசம்பர்
• ஃப்ளட்டர் 1.0 - 2018 டிசம்பர்
• சாட்ஜிபிடி - 2022 நவம்பர் 30

விளம்பரத்தில் கேட்கிற வருஷம் இந்தக் கணக்கைத் தாண்டினால், எழுதினவருக்கே அந்தத் தொழில்நுட்பம் என்னன்னு தெரியலைன்னு அர்த்தம்.

ஏன் இப்படி எழுதுறாங்க?

எல்லாத்துக்கும் ஒரே காரணம் கிடையாது. முக்கியமா ஐந்து காரணங்கள் இருக்கு.

1. எழுதுறவர் வேற, வேலை வாங்குறவர் வேற. டீம் லீடர் "கூபர்நெட்டிஸ் தெரிஞ்ச சீனியர் ஆள் வேணும்"னு சொல்வார். ஹெச்ஆர், பழைய விளம்பரம் ஒன்றை எடுத்து, தொழில்நுட்பத்தின் பெயரை மட்டும் மாற்றுவார். பழைய விளம்பரத்தில் "லினக்ஸில் 12 வருஷம்"னு இருந்திருந்தால், புதுசில் "கூபர்நெட்டிஸில் 12 வருஷம்"னு ஆயிடும்.

2. ஆசைப் பட்டியல். டீமில் இருக்கிற நாலு பேரும் ஆளுக்கு ரெண்டு திறமையைச் சேர்ப்பாங்க. கல்யாணத்துக்குப் பொண்ணு, மாப்பிள்ளை தேடும்போது எழுதுற பட்டியல் மாதிரிதான். எல்லாம் இருக்கணும்னு எழுதுவாங்க, கடைசியில் பாதி இருந்தாலே முடிச்சிடுவாங்க.

3. கூட்டத்தைக் குறைக்கணும். ஃப்ரெஷர் வேலைன்னு போட்டால் விண்ணப்பம் குவிஞ்சிடும். எல்லாத்தையும் படிக்க ஆள் கிடையாது. அதனால 60 சதவீதம், அரியர் இல்லை, இந்த வருஷம் முடிச்சவங்க மட்டும்னு சல்லடை போடுறாங்க. அந்தச் சல்லடைக்கும் வேலைக்கும் சம்பந்தம் இருக்கணும்னு அவசியமில்லை.

4. கிளையன்ட் கணக்கு. நம்ம ஊர் ஐடி சேவை நிறுவனங்கள் பலதும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஆட்களைக் காட்டித்தான் பில் போடுறாங்க. அங்கே அனுபவ வருஷத்துக்கு ஏற்ப கட்டணம் மாறும். "5 வருஷ ஆள்"னு ஒப்பந்தத்தில் இருந்தால் விளம்பரத்திலும் அதே 5 வரும்.

5. ஆள் எடுக்கவே எண்ணம் இல்லாத விளம்பரம். சில நேரம் சட்டத்துக்காகவே விளம்பரம் வரும். அமெரிக்காவில் விசாவில் இருக்கும் ஊழியருக்கு கிரீன் கார்டு வாங்க, "உள்ளூரில் ஆள் தேடினோம்"னு நிறுவனம் காட்டணும். அதை முறையா செய்யலைன்னு அந்நாட்டு நீதித்துறை ஃபேஸ்புக் மேல் வழக்குப் போட்டது. வழக்கமா வேலை விளம்பரம் வரும் தன் இணையதளத்தில் போடாமல், தபாலில் மட்டும் விண்ணப்பம் வாங்கினது புகார்களில் ஒன்று. 2021 அக்டோபரில் 1.425 கோடி டாலர் வரை கொடுக்க ஒப்புக்கொண்டு ஃபேஸ்புக் சமரசம் செய்தது. ஆப்பிளும் இதே மாதிரி புகாரில் 2023 நவம்பரில் 2.5 கோடி டாலருக்கு சமரசம் செய்தது. தவறு செய்ததா ரெண்டு நிறுவனமும் ஒப்புக்கொள்ளலை.

மெஷின் முதலில் படிக்குது

பெரிய நிறுவனங்களில் உங்க ரெஸ்யூமேவை முதலில் பார்க்கிறது பெரும்பாலும் மென்பொருள்தான். விளம்பரத்தில் இருக்கும் வார்த்தை ரெஸ்யூமேவில் இருக்கா, படிப்பில் இடைவெளி இருக்கான்னு பார்த்து வடிகட்டிடும்.

இதைப் பற்றி 2021இல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் அக்சென்சரும் சேர்ந்து அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி நிறுவனங்களிடம் ஒரு ஆய்வு நடத்தினாங்க. அதிக திறன் தேவைப்படும் வேலைகளில், தகுதியான ஆட்களே விளம்பர நிபந்தனைகளோட அப்படியே பொருந்தலைங்கிறதுக்காக வடிகட்டப்படுறாங்கன்னு 88 சதவீத நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. ஆள் கிடைக்கலைன்னு புலம்புறதும் இவங்கதான், வர்ற ஆளைக் கதவிலேயே திருப்பி அனுப்புறதும் இவங்கதான்.

படிப்புத் தகுதியிலும் இதே கதைதான். 2017இல் வந்த இன்னொரு ஹார்வர்டு ஆய்வு, அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புரொடக்‌ஷன் சூப்பர்வைசர் வேலையைப் பார்த்தது. விளம்பரங்களில் 67 சதவீதம் டிகிரி கேட்டன. அதே வேலையை ஏற்கெனவே செய்துக்கிட்டு இருந்தவங்களில் டிகிரி இருந்தது 16 சதவீதம் பேருக்குத்தான்.

10ஆம் வகுப்பு மார்க்கே இல்லாத பேட்ச் என்ன செய்யும்?

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இதில் தனியா ஒரு சிக்கல் இருக்கு. நிறைய பேர் இதை இன்னும் யோசிக்கலை.

2021 பிப்ரவரி 25. கொரோனா காரணமா 9, 10, 11ஆம் வகுப்பு மாணவர்கள் அனைவரும் தேர்ச்சின்னு சட்டப்பேரவையில் அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். அந்த வருஷம் 10ஆம் வகுப்பு மாணவர்களுக்குக் கொடுத்த சான்றிதழில் மதிப்பெண்ணே கிடையாது. 'தேர்ச்சி' மட்டும்தான் இருந்தது.

அந்தப் பிள்ளைகள் 2023இல் 12ஆம் வகுப்பு முடித்தாங்க. கலை, அறிவியல் கல்லூரிக்குப் போனவங்க 2026இல் பட்டதாரிகள். பொறியியல் படிக்கிறவங்க 2027இல் வெளியே வருவாங்க. இவங்க முன்னாடி ஒரு ஆன்லைன் படிவம் வந்து, "10ஆம் வகுப்பு சதவீதம்: 60க்கு மேல் கட்டாயம்"னு கேட்டால் என்ன நிரப்புவாங்க? 100ன்னு போட்டால் பொய். 0ன்னு போட்டால் மெஷின் தள்ளிடும். காலியா விட்டால் அடுத்த பக்கமே போகாது.

கொரோனா காலத்தில் 15 வயசில் எழுதாத ஒரு பரீட்சைக்கும், 21 வயசில் கோடு எழுதுறதுக்கும் என்ன சம்பந்தம்? கேம்பஸுக்கு வரும் நிறுவனங்களிடம் கல்லூரி பிளேஸ்மென்ட் அதிகாரிகள் இதை முன்கூட்டியே பேசி வைக்கிறது நல்லது. மாணவர்களும் படிவம் நிரப்பும் முன் ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போட்டு, வர்ற பதிலைச் சேமித்து வச்சுக்கணும். நாளைக்குச் சான்றிதழ் சரிபார்க்கும்போது அதுதான் துணை.

இதில் அதிகம் அடிபடுறது யார்?

இந்த விளம்பரங்கள் எல்லாருக்கும் ஒண்ணுதான். படிக்கிற விதம்தான் ஆளுக்கு ஆள் மாறுது.

சென்னையில், பெங்களூருவில் ஐடி வேலையில் இருக்கும் அண்ணனோ, சித்தப்பா பையனோ இருக்கிற வீட்டில் ஒரு பேச்சு நடக்கும். "அதெல்லாம் சும்மா போடுவாங்கடா, நீ அப்ளை பண்ணு. நான் ரெஃபரல் போடுறேன்." அந்த ஒரு வரி கிடைக்கிற பையன் பாதித் தகுதியோட விண்ணப்பிப்பான், இன்டர்வியூ வரைக்கும் போவான்.

திருவண்ணாமலை, செங்கம், போளூர், வந்தவாசி பக்கம் முதல் தலைமுறையா படிச்சு வர்ற பிள்ளைக்கு அந்த வரியைச் சொல்ல ஆள் இல்லை. அதுக்குத் தெரிஞ்ச தேர்வு அறிவிப்பெல்லாம் டிஎன்பிஎஸ்சி மாதிரிதான். அங்கே குரூப் 4க்கு 10ஆம் வகுப்பு தேர்ச்சின்னு போட்டிருந்தால் அது விதி. வயசு வரம்பு ஒரு நாள் தாண்டினாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அரசு அறிவிப்பை அப்படி எழுத்துக்கு எழுத்து படிச்சுப் பழகின கண்ணு, தனியார் விளம்பரத்தையும் அப்படியே படிக்குது. ஆனா தனியார் விளம்பரத்தில் 'கட்டாயம்'னு இருக்கிறதில் பாதி, கிடைச்சா நல்லாயிருக்கும்ங்கிற ரகம்.

2014இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் டாரா மோர் என்கிற எழுத்தாளர் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களிடம், "தகுதி முழுசா பொருந்தாத வேலைக்கு ஏன் விண்ணப்பிக்கலை?"ன்னு கேட்டிருந்தார். "என்னால அந்த வேலையைச் செய்ய முடியாது"ன்னு சொன்னவங்க குறைவு. "தகுதி இல்லாததால எடுக்க மாட்டாங்க, எதுக்கு நேரத்தை வீணாக்கணும்"ங்கிறதுதான் ஆண், பெண் ரெண்டு தரப்பிலும் அதிகம் வந்த பதில். விளம்பரத்தை விதின்னு நம்பி ஒதுங்கியிருக்காங்க. நம்ம ஊர் பிள்ளைங்க செய்றதும் இதேதான்.

"2 வருஷம்தானே, நாங்க போட்டுத் தர்றோம்"

ஒதுங்கிப் போறது ஒரு நஷ்டம். அதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று இருக்கு. போலி அனுபவச் சான்றிதழ்.

அனுபவம் இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாமல் அனுபவம் இல்லைங்கிற இந்தச் சந்துக்குள்ளதான் சில 'கன்சல்டன்சி'கள் கடை விரிக்கிறாங்க. பேருக்கு ஒரு கம்பெனி, லெட்டர்பேடு, சம்பள ஸ்லிப், போன் செய்தால் "ஆமா சார், எங்ககிட்டதான் வேலை பார்த்தார்"னு சொல்ல ஒரு ஆள். இந்த மொத்த பேக்கேஜுக்கும் ஒரு ரேட். நகையை அடகு வச்சுப் பணம் கட்டுற வீடுகளும் இருக்கு.

இது எங்கே போய் முடியும்? 2022 நவம்பரில் அக்சென்சர் இந்தியா நிறுவனம், போலி கம்பெனிகளின் ஆவணங்களையும் அனுபவக் கடிதங்களையும் காட்டி வேலையில் சேர்ந்தவங்களை வெளியேற்றியதா வெளிப்படையா அறிவித்தது.

மாட்டிக்கிறது சுலபம். இபிஎஃப்-இன் யூஏஎன் எண்ணில் நீங்க எந்த நிறுவனத்தில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தீங்கங்கிற விவரம் இருக்கும். பின்னணி சரிபார்ப்பு செய்றவங்க அதைத்தான் முதலில் கேட்பாங்க. வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் கழிச்சுக்கூட சரிபார்ப்பு நடக்கும். போலி ஆவணம் கொடுத்து ஏமாற்றுறது பாரதிய நியாய சன்ஹிதா சட்டப்படி குற்றமும்கூட. பணம் வாங்கினவர் போனை ஆஃப் செய்துட்டுப் போயிடுவார். ரெக்கார்டில் நிற்கிறது உங்க பேர்.

நடக்காத தகுதியை எழுதின நிறுவனத்துக்கு இதில் ஒரு பைசா நஷ்டம் இல்லை. இந்த விஷயத்தில் ரொம்ப அநியாயமான பகுதி இதுதான்.

வேற மாதிரி செய்ய முடியாதா?

முடியும். தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கு.

திருவண்ணாமலையில் இருந்து திண்டிவனம் வழியா சென்னைக்கு பஸ்ஸில் போறவங்க, கிளாம்பாக்கத்துக்கு முன்னாடி கூடுவாஞ்சேரியைத் தாண்டித்தான் போகணும். அந்தப் பக்கம்தான் ஜோஹோ நிறுவனத்தின் வளாகம் இருக்கு. 2004லயே அந்த நிறுவனம் 12ஆம் வகுப்பு, டிப்ளமோ முடிச்ச பிள்ளைகளை எடுத்து, மாதாமாதம் உதவித்தொகை கொடுத்து, தானே சொல்லிக்கொடுத்து வேலையில் சேர்க்க ஆரம்பிச்சது. இன்னைக்கு 'ஜோஹோ ஸ்கூல்ஸ் ஆஃப் லேர்னிங்' தென்காசியிலும் நடக்குது. எச்சிஎல் நிறுவனம் 2017இல் 'டெக்பீ'ங்கிற திட்டத்தை 12ஆம் வகுப்பு முடிச்சவங்களுக்காகத் தொடங்கியது.

ஆள் எடுக்க டிகிரியும் அனுபவமும் கட்டாயம் இல்லைன்னு இந்தத் திட்டங்கள் காட்டுது. ஆனா எல்லா நிறுவனமும் பயிற்சிக்குச் செலவு செய்யத் தயாரா இல்லை. அந்தச் செலவை மாணவர் தலையில் தள்ளுற வழிதான் "2 வருஷ அனுபவம்"ங்கிற வரி.

சட்டம் போட்டுச் சரிசெய்யப் பார்த்த இடமும் இருக்கு. ஈழத் தமிழர்கள் அதிகம் வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம். அங்கே போய் இறங்கின இன்ஜினியர், டாக்டர், கணக்காளர் எல்லார்கிட்டேயும் பல வருஷமா கேட்கப்பட்ட கேள்வி, "கனடாவில் வேலை பார்த்த அனுபவம் இருக்கா?" இப்போதான் வந்து இறங்கினவருக்கு அது எப்படி இருக்கும்? 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதுக்கு மேலோ இருக்கிற நிறுவனங்கள் பொது வேலை விளம்பரத்தில் கனடா அனுபவத்தை நிபந்தனையா போடக் கூடாதுன்னு அங்கே சட்டம் வந்திருக்கு. சம்பள வரம்பைச் சொல்லணும். உண்மையிலேயே காலியிடம் இருக்கான்னும் விளம்பரத்திலேயே சொல்லணும்.

இந்தியாவில் தனியார் விளம்பரத்துக்கு இப்படி ஒரு சட்டம் இல்லை. காலியிடம் உண்மையா, சம்பளம் எவ்வளவுன்னு சொல்ல வைக்கிற ஒரு விதி வந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

சரி, விளம்பரத்தை எப்படிப் படிக்கணும்?

• முதல் மூணு வரி முக்கியம். தினமும் என்ன வேலை செய்யணும்னு சொல்ற பகுதியை முதலில் படிங்க. அது உங்களால் முடியும்னா மேலே போங்க.

• ரெண்டாப் பிரிங்க. 'மஸ்ட் ஹேவ்'னு இருக்கிறது அடிப்படை. 'குட் டு ஹேவ்', 'ப்ரிஃபர்டு'ன்னு இருக்கிறது கூடுதல். அடிப்படையில் பாதிக்கு மேல் தெரிஞ்சால் விண்ணப்பிங்க. நிராகரிக்கிற வேலையை அவங்களே செய்யட்டும்.

• வருஷத்துக்குப் பதிலா வேலையைக் காட்டுங்க. நீங்க செய்த ப்ராஜெக்டை கிட்ஹப்பில் போட்டு, லிங்க்கை ரெஸ்யூமேவில் கொடுங்க. காலேஜ் ப்ராஜெக்டை விலைக்கு வாங்கியிருந்தால் அதைப் போடாதீங்க, முதல் கேள்வியிலேயே மாட்டிப்பீங்க.

• நிஜமான ஒரு வருஷ அனுபவத்துக்கு வழி இருக்கு. அப்ரன்டிஸ் சட்டம் 1961இன் கீழ் நடக்கும் 'நாட்ஸ்' திட்டத்தில் பட்டதாரிகளும் டிப்ளமோ முடிச்சவங்களும் ஒரு வருஷம் உதவித்தொகையோட தொழிற்பழகுநர் பயிற்சி எடுக்கலாம். முடிவில் அரசு சான்றிதழ் கிடைக்கும். தென் மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கு. போலிச் சான்றிதழுக்குப் பணம் கட்டுறதுக்குப் பதிலா, பணம் வாங்கிக்கிட்டே நிஜச் சான்றிதழ் எடுக்கிற வழி இது.

• அரசின் இலவச வசதிகளைப் பயன்படுத்துங்க. 2022 மார்ச் 1இல் தொடங்கின 'நான் முதல்வன்' திட்டத்தின் பயிற்சிகள், தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையதளம், மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் நடத்தும் முகாம்கள் எதுக்கும் கட்டணம் கிடையாது.

• பணம் கேட்டால் அது வேலை இல்லை. பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், ட்ரெயினிங் ஃபீஸ், எந்தப் பேரில் கேட்டாலும் சரி.

பக்கத்து விழுப்புரத்தில் 2024 பிப்ரவரியில் மினி டைடல் பூங்கா திறந்தாச்சு. அதே வருஷம் செப்டம்பரில் தஞ்சாவூரும் சேலமும் வந்தாச்சு. ஐடி கம்பெனிகள் சின்ன ஊர்களைத் தேடி வருதுன்னு சொல்றாங்க. கட்டடம் பக்கத்தில் வந்தால் மட்டும் போதாது. அதில் ஒட்டுற விளம்பரமும் அந்த ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்து எழுதினதா இருக்கணும்.

அதுவரைக்கும் இதைப் படிக்கிற அண்ணன்கள், அக்காக்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்க ஏற்கெனவே ஐடியில் இருந்தால், அடுத்த பௌர்ணமிக்கு ஊருக்கு வரும்போது தெருவில் கடைசி வருஷம் படிக்கிற ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, போனில் இருக்கிற விளம்பரத்தைக் காட்டச் சொல்லுங்க. "இதுல இது மட்டும்தான் வேணும், மத்ததெல்லாம் சும்மா, நீ போடு"ன்னு சொல்லுங்க. சொந்தத்தில் யாராவது இருக்கிற பிள்ளைக்கு மட்டும் கிடைச்சுக்கிட்டு இருந்த அந்த ஒரு வரி, கீழ்பென்னாத்தூர் பிள்ளைக்கும் கிடைச்சிடும்.